விதைக்கு விட்ட கடைசி எபிசோட்

டிசம்பர் மாதம் ஏற்காட்டுக்கு ஏறி வருகிற ஜனங்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். சொல்லக்கூடாதுதான். ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. காப்பித்தூள், மிளகு, தைலம், வீட்டில் செய்த சாக்லேட். மலைக்கு வருகிறவர்கள் வாங்கினால்தான் எங்கள் அடுப்பு எரியும். அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்களை மூடியதும் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். குப்பனூர் வழியாகச் சுற்றி வந்தாலும் அதே கதைதான். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் கையைத் தேய்த்துக்கொள்வார். நான் பல்லைக் கடிப்பேன். "இந்தத் தைலம் ஒரிஜினலுங்களா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? இல்லை, போலி என்றா சொல்லப் போகிறேன்?

அப்படியும் ஜனவரி பிறந்ததிலிருந்து நான் காத்திருப்பது அடுத்த டிசம்பருக்குத்தான். என் தங்கை அப்போதுதான் வருவாள்.

எனக்கு விஞ்ஞானக் கதை என்றால் உயிர். நாவலாக இருந்தாலும் சரி, தொடராக இருந்தாலும் சரி, ஒரு விண்கலம் கிளம்பிவிட்டால் எனக்கு அடுப்பில் பால் பொங்குவது தெரியாது. இந்த ஊரில் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் அரை நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் இவிங்க எப்பப் பாரு இருட்டுலயே இருக்காங்க, கரண்டு பில்லு கட்டலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் ஒரு தடவை காலப் பயணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

தங்கை அப்படியில்லை. சேலத்தில் நாங்கள் சின்னப் பெண்களாக இருந்த காலத்தில் ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரே புத்தகத்தைப் படித்தவர்கள். அவள் வேகமாகப் படிப்பாள். பக்கத்தின் அடிக்குப் போய்விட்டு, நான் முடிக்கும்வரை என் முழங்கையைக் கிள்ளிக்கொண்டே இருப்பாள். கல்யாணமாகி நான் மலைக்கு மேலே வந்தேன். அவள் சேலத்திலேயே இருந்துவிட்டாள், ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்த் திரும்பிவிடலாம். ஆனால் எனக்குக் கடை, அவளுக்கு ஆபீஸ், அவள் மகளுக்குப் பள்ளிக்கூடம். நாங்கள் ஆற அமர உட்காருவது டிசம்பர் லீவில் மட்டும்தான்.

அதனால் நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். எங்கள் அம்மா கொல்லையில் பீர்க்கை போட்டால், நல்ல காயாக ஒன்றைப் பார்த்து விதைக்கு விடுவார். யாரும் தெரியாமல் பறித்துவிடாமலிருக்க அதன் காம்பில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி வைப்பார். நாங்கள் கதைகளில் அப்படிச் செய்தோம். ஒரு நாவலை அவள் முதலில் படிப்பாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் படிக்காமல், அந்தப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் தலைக்குப் போடும் கிளிப் ஒன்றை மாட்டி, ஏற்காடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாள். நானும் கிளிப் வரைக்கும் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவேன். தொடர் என்றால் ஒவ்வொரு சீசனிலும் கடைசி எபிசோட் விதைக்கு. டிசம்பரில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்துதான் முடிவைத் தெரிந்துகொள்வோம். அதுவரை முடிவு இப்படியா அப்படியா என்று போனில் சண்டை. பாதி சண்டையில் யாராவது வந்து தைலம் ஒரிஜினலா என்று கேட்பார்கள், நான் போனை வைத்துவிடுவேன். எப்போதும் நான்தான் வைப்பேன்.

ஐந்து வருஷமாக ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. வியாழனைச் சுற்றும் ஒரு நிலவில், பனிக்கட்டிக்கு அடியில் ஒரு சின்ன ஊர். அங்கே காற்று இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண். முதல் சீசனில் ஊரைக் காப்பாற்றுவதற்காக அவள் வெளிக்கதவைச் சாத்த வேண்டி வருகிறது. அவளுடைய தோழி வெளியே மாட்டிக்கொள்கிறாள். அதற்கப்புறம் ஒவ்வொரு சீசன் முடிவிலும் அந்தக் கதவை வெளியிலிருந்து யாரோ தட்டுகிறார்கள். தட்டுவது யார்? ஐந்து வருஷமாக எங்களுக்குள் இதுதான் வழக்கு. அது மனுஷியே இல்லை, பனி விரிசல் விடுகிற சத்தம், குற்ற உணர்ச்சியில் அவளுக்கு அப்படிக் கேட்கிறது என்பது என் கட்சி. தங்கை விடமாட்டாள். முதல் சீசனில் அந்தத் தோழியின் கிழிந்த கையுறைக்கு இவள் ஒட்டுப் போட்டுக் கொடுக்கிற காட்சி ஒன்று வரும். "அந்தக் கையுறையச் சும்மா காட்ட மாட்டாங்கக்கா, எழுதி வெச்சுக்கோ" என்பாள். இந்த வருஷம் வந்ததுதான் கடைசி சீசன் என்று அறிவித்துவிட்டார்கள். அதன் கடைசி எபிசோட்தான் இந்த டிசம்பருக்கு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

ஆக, ஐந்து வருஷக் காத்திருப்பு. அதைக் கெடுக்க என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் வீடு தேடி வந்தது.

முதலில் என் நாத்தனார் குடும்பம் வந்து இறங்கியது. பின்னாலேயே தங்கை, அவள் கணவர், பதினோராம் வகுப்புப் படிக்கிற மகள். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு ஹாலும் இரண்டு அறையும். குளிருக்குப் பயந்து எல்லோரும் ஹாலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆள் கூடின வீட்டில் டிவி பொதுச்சொத்து. அது காலையிலிருந்து ஓட வேண்டும், அதை யாரும் பார்க்கக்கூடாது. அதுதான் சட்டம் போலிருக்கிறது.

வந்த அன்று சாயங்காலம் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு ஓடிவந்து தொடரைப் போட்டேன். நாத்தனார் ஆசையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இவ யாரு கண்ணு?"

"இவதானுங்க அண்ணி காத்து மிசினப் பாத்துக்கறவ."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லைங்க."

"ஏன்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பனிக்கட்டிக்கு அடியில் மாப்பிள்ளை கிடைக்கவில்லை என்றா? நான் தங்கையைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இருக்கட்டும்க்கா, அப்பறம் பாக்கலாம்" என்றாள். நிறுத்திவிட்டேன். அண்ணி ரிமோட்டை வாங்கி, எந்தக் கேள்வியும் கேட்கத் தேவையில்லாத ஒரு மாமியார் சீரியலைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் தட்டுவடை செட். சேலத்துக்காரர்கள் எங்கே போனாலும் அந்தத் தட்டுவடைப் பொட்டலம் கூடவே வரும். ஒரு தட்டுவடை, அதன்மேல் சட்னி, துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், அதன்மேல் இன்னொரு தட்டுவடை. தின்பதற்கு ஒரு வாய், செய்வதற்கு ஒரு பகல். தங்கை பீட்ரூட்டைத் துருவிக்கொண்டே இருந்தாள். நான் ஜாடை காட்டினேன், கண்ணைச் சிமிட்டினேன், கடைசியில் காலால்கூட இடித்தேன். "இதை முடிச்சர்றேன்க்கா" என்றாள். அவள் முடித்தபோது கரண்ட் போயிருந்தது. மலையில் பனி இறங்கினால் முதலில் போவது கரண்ட், அதற்கு அடுத்தது நெட். நான் அந்தத் தட்டுவடையை ஆத்திரத்தோடு மென்றேன். நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

அவள் ஏன் அவசரப்படவில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முழங்கையைக் கிள்ளுகிறவள் பீட்ரூட்டை அவ்வளவு பொறுமையாகத் துருவுவாளா?

அடுத்த நாள் மத்தியானம் என்னையும் தங்கையையும் விட்டுவிட்டு மற்ற எல்லோரும் ஏரிக்குப் படகுச் சவாரிக்குக் கிளம்பினார்கள். டிசம்பரில் அந்த வரிசையில் நின்றால் திரும்பி வர இருட்டிவிடும். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். தங்கையின் மகள் மட்டும், எனக்குப் படகு வேண்டாம் என்று உள் அறையில் போனும் கையுமாகப் படுத்துவிட்டாள். அந்தப் பெண்ணைப் பற்றிப் பிரச்சினையில்லை, இருக்கிற இடம் தெரியாது. நான் கடைக்குப் போன் போட்டு, "ஏனுங்க, இன்னைக்கு ஒரு மணி நேரம் நீங்களே பில்லு போடுங்க, கடையே தீப்பிடிச்சாலும் என்னைக் கூப்பிடாதீங்க" என்றேன். ஜன்னலைச் சாத்தினேன். ஒரே கம்பளியை இரண்டு பேர் மடியிலும் விரித்தேன். ஆரம்பித்தது.

ஆஹா, என்ன எபிசோட்! காற்று இயந்திரம் நிற்கப் போகிறது. ஊரே அவளைக் கதவுப் பக்கம் போகாதே என்கிறது. அவள் அந்த நீளமான பனிப் பாதையில் நடக்கிறாள். தட்டுகிற சத்தம் கேட்கிறது. கைப்பிடியில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் நெட் நின்றது. திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

நான் கம்பளியைக் கடித்துக்கொண்டிருந்தேன். தங்கை அசையாமல் இருந்தாள். உள்ளேயிருந்து அவள் மகள் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். போகிற போக்கில் திரையைப் பார்த்துவிட்டு, "ஐயோ பெரிம்மா, இன்னும் கதவையே தொறக்கலையா?" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சொம்பைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ எப்ப சாமி பாத்தே?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கம்பளியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். "தீவாளி லீவுல..." என்றாள் பெண். யாரோடு என்று நான் கேட்கவில்லை. வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தங்கை பின்னாலேயே வந்தாள்.

"அக்கா."

"பேசாத."

"ஒரு நிமிசம் சொல்றதக் கேளுக்கா."

"அஞ்சு வருசம் புள்ள. அஞ்சு வருசம் விதைக்கு விட்டத நீ பாட்டுக்குப் பறிச்சுத் தின்னுட்டு, இங்க வந்து ஒண்ணுந் தெரியாத மாதிரி பக்கத்துல உக்காந்திருக்கற?"

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். மகள் இந்த வருஷம் முழுக்க அவளோடு பேசுவதே இல்லையாம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள். சாப்பாட்டுக்கு வருவாள், தட்டோடு திரும்பிப் போய்விடுவாள். திட்டியும் பார்த்தார்களாம், கெஞ்சியும் பார்த்தார்களாம். தீபாவளி லீவில் இவள் பழைய சீசன் ஒன்றைத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் தானாக வெளியே வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, இது என்ன என்று கேட்டாளாம். இவள் முதலிலிருந்து கதை சொன்னாளாம். அடுத்த நாளும் வந்தாளாம். அந்த லீவு முழுக்க அம்மாவும் மகளும் ஒரே சோபாவில்.

"கடைசி எபிசோட் வந்துச்சு. போடும்மான்னா. அது பெரிம்மாவுக்குன்னு விட்டதுன்னு நான் எப்படிக்கா சொல்லுவேன்? எந்திரிச்சு மறுபடி உள்ள போயிருவாளோன்னு நொம்பப் பயமா இருந்துச்சு. போட்டுட்டேன்."

நியாயம்தான். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். காரணம் நியாயமாக இருந்தால் கோபம் வரக்கூடாது என்று யார் சொன்னது? எனக்கு வந்தது. இன்னும் அதிகமாக வந்தது, ஏனென்றால் இனி சண்டை போடவும் எனக்கு வழியில்லை. அவளுக்கு மகள் கிடைத்துவிட்டாள். அந்த விண்வெளியையும் பனியையும் பற்றிப் பேச அவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஆள் வந்துவிட்டது. எனக்கு இருந்தது ஒரே ஒருத்தி, அவளும் இப்போது பாதிதான். இதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? பதினாறு வயதுப் பெண்ணோடு போட்டிக்கு நிற்கிறேன் என்றா?

"சொல்லியிருக்கலாமல்ல" என்றேன்.

"சொன்னா நீ இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவேன்னுதான்."

நெட் வந்துவிட்டது. ஹாலில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் மறுபடி கேட்டது. தொடரில்தான். தங்கை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள். பெண் உள்ளே போய்விட்டிருந்தாள்.

கதவு திறந்தது. வெளியே இருட்டு. இருட்டிலிருந்து முதலில் ஒரு கை வந்தது. ஒட்டுப் போட்ட கையுறை. தோழி சாகவில்லை. பனிக்கு அந்தப் பக்கம் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தில் பிழைத்திருக்கிறாள், அவளோடு இன்னும் பலர். இத்தனை வருஷமும் அவள் தன்னை உள்ளே விடச் சொல்லித் தட்டவில்லை. இந்த ஊரின் காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது, வெளியே வா என்று கூப்பிடத் தட்டியிருக்கிறாள்.

ஐந்து வருஷக் கனம் அப்படியே நெஞ்சில் ஏறியது. அப்போதுதான் கவனித்தேன், தங்கை திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது அழுவேன், எப்போது "அடி பாவி, நீ சொன்னதே நடந்துருச்சே" என்று கத்துவேன் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள். அவள் ஒரு தடவை அழுதுவிட்டு வந்திருக்கிறாள். இப்போது என் அழுகையையும் பார்க்க வேண்டுமாம்.

நான் அதைக் காட்டவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். எழுத்துகள் ஓடி முடியும்வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"பரவால்ல" என்றேன்.

அவள் முகம் தொங்கிப்போனது. கம்பளியை எடுத்து மடித்தாள். மடித்த கம்பளியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அதற்குள் படகுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அண்ணி நனைந்த செருப்போடு ஹாலுக்குள் வந்து, "அந்தக் காத்து மிசின் புள்ளைக்குக் கல்யாணம் ஆச்சா கண்ணு?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் தங்கை வீட்டார் கிளம்பினார்கள். தங்கையின் கணவர், "ஏனுங்கக்கா, வண்டி நெரிசல் ஆவறதுக்குள்ள எறங்கிரோணுமுங்க" என்று வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு அவசரப்படுத்தினார். இந்த வருஷத்து நாவல் அலமாரியில் கிளிப் மாட்டினபடியே இருந்தது. கடைசி அத்தியாயத்தைச் சேர்ந்து படிக்க நேரமே கிடைக்கவில்லை. நேரம் இருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன், அப்படி ஒரு வீம்பு. நான் அதைக் கொண்டுவந்து வண்டி ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினேன்.

"இந்தா, உன் புள்ளையோடவே இதையும் படிச்சுக்கோ."

அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு விநாடி அட்டையைத் தடவினாள். பிறகு புத்தகத்தைத் திரும்ப என் கையில் வைத்து, "கிளிப்ப எடுத்துராதக்கா" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. பின்சீட்டிலிருந்து அந்தப் பெண் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று கடையில் நான் யாரிடமும் நல்ல முகம் காட்டவில்லை. சாக்லேட்டுக்கு விலை கேட்டவரிடம் மிளகின் விலையைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒரு டீயை வாங்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பரவால்ல, பரவால்ல என்று அந்தச் சொல்லே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. வருஷம் பூராவும் பேசக் காத்திருந்தேன். பேச வேண்டிய நேரத்தில் ஒரு சொல். அதுவும் பொய்.

சாயங்காலம் கூட்டம் நெரியும்போது போன் அடித்தது. தங்கை நம்பர். எடுத்தால் அவள் மகள்.

"பெரிம்மா, நீங்க அழவே இல்லையாமா?"

"யாரு சொன்னா?"

"அம்மாதான். அதோட சரி, வர்ற வழி பூரா வேற ஒண்ணுமே பேசல. ஊட்டுக்கு வந்தும் பேசல. உங்களுக்கு முடிவு புடிக்கலைங்களா பெரிம்மா?"

அந்தப் பெண் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"புடிக்கலையாவா? அந்தக் கையி வெளிய வந்துச்சு பாரு சாமி, எனக்கு மூச்சே நின்னுருச்சு. ராத்திரி பூரா தூக்கமில்ல. கண்ண மூடுனா அந்தக் கையுறைதான் நிக்குது. அவ உள்ள வரோணும்னு தட்டல, இவளை வெளிய கூப்படறா. அந்த எடத்துல நான் பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன், தெரியுமா? உங்கம்மா என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தா, அந்தக் கோவத்துல அழுகைய முழுங்கிட்டேன். மொதல் வருசமே அவ சொன்னா, அந்தக் கையுறையச் சும்மா காட்ட மாட்டாங்கன்னு. நாந்தான் பனி விரிசல், பனி விரிசல்னு அஞ்சு வருசமா அவளை வாயத் தொறக்க விடல. அவ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிஞ்சு அவளை மாதிரிக் கதையப் படிக்கறதுக்கு ஆளே கிடையாது."

மறுபக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். போகவில்லை.

"சாமி, ஸ்பீக்கர்ல போட்டிருக்கியா?"

யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்த எனக்கு அந்தச் சத்தம் யாருடையது என்று தெரியாதா?

"நான் அப்பவே சொன்னனல்ல?" என்றாள் தங்கை, அழுதுகொண்டே.

"சொன்னே, சொன்னே. பெரிய இவ." எனக்கும் கண் மறைத்தது. "அந்தச் சுரங்கத்துல அத்தன வருசம் அவ என்னத்தச் சாப்புட்டு இருந்திருப்பா? அதச் சொல்லு மொதல்ல."

எதிரே ஒருவர் நின்று கையில் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "ஏங்க, இந்தத் தைலம் ஒரிஜினலுங்களா?"

"கொஞ்சம் பொறுங்க" என்றேன். "பேசிட்டு இருக்கேன்."